ஒரு கஜத்து ஆள்

இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேலே கண்ணாடி அறைக்குள் யாரோ நாலு பேர் உட்கார்ந்து, பந்து அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்களாம். அது முடிகிற வரைக்கும் அறுபதாயிரம் பேரும் இந்த அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் நவம்பர் மழையில் நனைந்துகொண்டு காத்திருக்க வேண்டும். தாண்டியிருந்தால் ஆறு புள்ளி. நாங்கள் நாலு புள்ளிதான் பின்னால் இருக்கிறோம், அதோடு ஜெயித்த மாதிரிதான், நான் வீட்டுக்குப் போய் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளலாம். தாண்டவில்லை என்றால் இன்னும் ஒரு முயற்சி பாக்கி, கடைசி முயற்சி, கோட்டுக்கு ஒரு கஜம்கூட இல்லை, கடிகாரத்தில் பத்தொன்பது வினாடி, அதற்கும் அவனைத்தான் அனுப்புவார்கள். என் மகனை. முகிலன், இருபது வயசு, சட்டை முதுகில் காத்தையன் என்று என் பெயர். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கடைசிப் பெயர் என்ன என்று கேட்டார்கள், என் பெயரை எழுதிக் கொடுத்தேன், அது அப்படியே அவன் முதுகில் ஏறிக்கொண்டது. ஒலிபெருக்கிக்காரன் கா தாயன் கா தாயன் என்று கூவுகிறான். ஒரத்தநாட்டில் என்னைப் பெற்ற மனுஷன்கூட என்னை இவ்வளவு பலமாகக் கூப்பிட்டதில்லை. பெயர் என்னுடையது, அடி மட்டும் அவனுக்கு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்களுக்குத் தருகிற மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், முதுகில் குறுக்கே இரண்டு வெள்ளிப் பட்டை, மங்கலில் எவனும் வந்து இடித்துவிடாமல் இருப்பதற்காக. என் பொண்டாட்டி தமயந்திக்கு இந்தக் கோட்டைக் கண்டாலே மானம் போகிறது. அவனுக்கோ இதுதான் அடையாளம். "அந்த கோட்டயே போட்டுட்டு வாங்கப்பா, டக்குனு கண்டுபிடிக்க ஈஸியா இருக்கு" என்றான் முதல் ஆட்டத்திலேயே. கோல் கம்பத்துக்குப் பின்னால், பதினாலாவது வரிசை, ஆட்டக்காரர்களின் வீட்டார் உட்காரும் இடம். அவன் தன் இடத்தில் நிற்கும்போது எனக்கு நேர் எதிரே நிற்பான். தலையை நிமிர்த்தி ஒரு தடவை மஞ்சளைத் தேடுவான். நான் தலையை ஆட்டுவேன். அப்புறம்தான் போவான்.

பக்கத்தில் டக். தங்கமான மனுஷன், அதனால்தான் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் மகன் ஈத்தன்தான் கல்லூரி அணியின் முதல் குவாட்டர்பேக், பந்தை முதலில் கையில் வாங்கி, எறிவதா, யாரிடமாவது கொடுப்பதா என்று ஆட்டத்தை நடத்துகிற ஆள். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னால் போக வேண்டும், இதுதான் விதி. அதில் ஒன்பது கஜத்தை ஈத்தன் சட்டை கசங்காமல் வாங்கிவிடுவான். மிச்சம் ஒரு கஜம் இருக்கிறதே, அங்கேதான் எதிராளிகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு அடைத்து நிற்பார்கள், ஒவ்வொருத்தனும் நூற்றிமுப்பது கிலோ. அப்போது பயிற்சியாளர் விரலைச் சொடுக்குவார். ஈத்தன் வெளியே, முகிலன் உள்ளே. ஓடுகிற குவாட்டர்பேக் என்று இவனுக்குப் பட்டம். கணக்கு எனக்கும் புரியாமல் இல்லை. ஈத்தன் பந்தை இன்னொருவனிடம் கொடுத்தால், கொடுத்த பிறகு நின்று வேடிக்கை பார்க்கிறான், எங்கள் பக்கம் ஓர் ஆள் வீண். முகிலன் தானே பந்தோடு ஓடினால் அந்த வீணான ஆளும் வேலைக்கு வந்துவிடுகிறான், எதிராளிக்குத் தடுக்க ஓர் ஆள் போதாமல் போகிறது. ஒரு கஜத்துக்கு அது போதும். இந்த வருஷம் இருபத்துமூன்று தடவை அனுப்பினார்கள், இருபது தடவை கொண்டுவந்து கொடுத்தான். "உன் பையன் மனுஷனே இல்லை, புல்டோசர்" என்று ஒவ்வொரு தடவையும் டக் என் தோளைத் தட்டுகிறார், நானும் பல்லைக் காட்டுகிறேன். புல்டோசரை யாரும் வீட்டுக்குள் நிறுத்துவதில்லையே என்று கேட்கத் தோன்றும், கேட்டதில்லை. ஈத்தனை அடுத்த வருஷம் பெரிய அணிகள் கொத்திக்கொண்டு போகப் போகின்றன, அவன் தோளில் ஒரு கீறல் விழக்கூடாது. முகிலன் தோளுக்கு யாரும் காத்திருக்கவில்லை. இவனுக்கும் எறியத் தெரியும், உயர்நிலைப் பள்ளியில் இவன்தான் எறிந்தான், ஐம்பது கஜம் எறிந்தான், நான் பஸ்ஸை நிறுத்திவிட்டு வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். இங்கே வந்த ரெண்டு வருஷத்தில் ஒரே ஒரு பந்துகூட எறியச் சொன்னதில்லை. ஒரு கஜம், முட்டு, விழு, எழுந்து வெளியே போ. டக் இப்போது சோளப்பொரி டப்பாவை நீட்டுகிறார். ரெண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறேன், நனைந்து சவசவ என்று இருக்கிறது.

திரையில் மறுபடியும் போடுகிறார்கள், நாலு மாடி உயரத் திரை. இந்தத் தடவை முழுசாக முதலிலிருந்து. முகிலன் தன் இடத்துக்கு வருகிறான். நிமிர்ந்து பார்க்கிறான், என்னைத்தான். குனிகிறான். வலது கை விரலால் தரையைத் தொட்டு, தலைக்கவசத்தின் முகக் கம்பியில் வைத்துக்கொள்கிறான். கண்ணில் ஒற்றிக்கொள்ள முடியாது, கம்பி தடுக்கிறது, அதனால் கம்பிக்கே ஒற்றுகிறான். அதுவும் மண் இல்லை, பிளாஸ்டிக் புல். பிளாஸ்டிக்கைத் தொட்டுக் கும்பிடுகிற ஒரே ஆள் இந்த நாட்டில் இவன்தான் என்று எப்போதும் போலச் சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பு பாதியில் நிற்கிறது. எதிரணியில் நாற்பத்துநாலாம் நம்பர், கழுத்தே இல்லாதவன், முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிறான். அவன் பந்தைப் பார்க்கவில்லை. முகிலனின் கையைப் பார்க்கிறான். கை தரையைத் தொட்டு மேலே வந்ததும் முன்னால் நிற்கிற ரெண்டு பேர் முதுகில் பட் பட் என்று தட்டுகிறான், மூன்று பேரும் நடுவுக்கு நெருங்குகிறார்கள், அப்புறம்தான் பந்து முகிலன் கைக்கு வருகிறது, வந்ததும் நாற்பத்துநாலு நேராக வந்து இடது தோளில் மோதுகிறான். இன்னொரு தடவை போடுகிறார்கள். தொடுகிறான், தட்டுகிறான், நெருங்குகிறார்கள், மோதுகிறான். அதற்கு முந்தின முயற்சியை நினைத்துப் பார்க்கிறேன், அப்போதும் முகிலன்தான் நின்றான், ஆனால் பந்தைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டான், அந்தத் தடவை அவன் தொடவில்லை, நாற்பத்துநாலு நடுவில் நிற்காமல் ஓரமாக ஓடிப்போய் அந்தப் பையனைத் தூக்கிப் போட்டான். போன வாரமும் அப்படித்தானே? போன வாரம் மூன்று தடவை தொட்டான், மூன்று தடவையும் அவனே ஓடினான். கொடுக்கும்போது தொடவில்லை. ஒரு தடவைகூட மாறவில்லை. எங்கள் பக்கம் பன்னிரண்டு பயிற்சியாளர்கள், காதில் கருவி, கையில் கம்ப்யூட்டர், எவன் கண்ணிலும் இது படவில்லை. கை ஈரத்தைத் துடைக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். எதிரி உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறான், கண்டுபிடித்துவிட்டான். தான் எப்போது ஓடப்போகிறான் என்பதை என் மகன் குனிந்து தொட்டு எதிரிக்குச் சொல்லிவிட்டு ஓடுகிறான்.

தொடச் சொன்னது நான். எட்டு வயசு இருக்கும், வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் சடுகுடு கற்றுக்கொடுத்தேன், எதிரில் ஆட ஆள் இல்லை, நான் ஒருத்தனே ஏழு பேர். "நிக்கிறவன் தொட வேணாம். பாடிப் போறவன்தான் தொடணும். தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு அப்புறம் கோட்டைத் தாண்டு" என்றேன். பாடிப் போவதென்றால் மூச்சை அடக்கிக்கொண்டு தனியாக எதிராளி எல்லைக்குள் போவது. எங்கள் ஊரில் அப்படித்தான், இறங்கும்போது ஒரு தடவை எல்லோரும் தொடுவார்கள், ஆனால் தனியாகப் போகிறவன் ஒவ்வொரு தடவையும் தொடுவான், தனியாகப் போகிறவனுக்கு மண்ணை விட்டால் யார் துணை. "ஏம்ப்பா தொடணும்?" என்றான். பேன்ட்டை மேலே சுருட்டி என் இடது முட்டியைக் காட்டினேன், அந்த நீளத் தழும்பை. "அப்பா ஒரே ஒரு நாளு தொடாம போயிட்டேன்டா. அதுக்குத்தான் இது." அவன் கண் விரிந்தது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு நாள்கூட மறந்ததில்லை, வேறு ஆட்டம், வேறு மைதானம், புல்லே பொய், இருந்தாலும் தான் போகிற தடவை தொடுவான், நிற்கிற தடவை தொட மாட்டான். சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிற பிள்ளை. நான் கல்லூரியில் விளையாட்டுக்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவன், எனக்கும் இதே வேலைதான் கொடுத்திருந்தார்கள். ஆட்டம் முழுக்க ஓரத்தில் உட்கார வைத்திருப்பார் பி.டி. சார். கடைசியில் ஒரு பாயிண்ட் வேண்டும் என்றால் மட்டும் "காத்தையா, எந்திரிடா" என்பார். ஒரு பாயிண்ட்டுக்குக் காத்தையன் என்று பசங்களுக்குப் பேச்சு. கல்லூரிகளுக்கு இடையே நடந்த இறுதி ஆட்டம், ரெண்டு நிமிஷம் இருந்தது. "ஒரு பாயிண்ட்டுதான்டா, எவனையாச்சும் தொட்டுட்டு ஓடியாந்துரு" என்றார். ஐந்து பேர் என்மேல் விழுந்தார்கள். முட்டிக்குள் சத்தம் கேட்டது, காய்ந்த கழி ஒடிகிற சத்தம். ஆஸ்பத்திரிக்கு பி.டி. சார் ரெண்டு நாள் வந்தார், மூன்றாம் நாள் வரவில்லை, அடுத்த வருஷம் என் இடத்தில் வேறு ஒருத்தன் வந்துவிட்டான். தமயந்தி நர்சு வேலைக்கு இந்த ஊருக்கு வந்தாள், நான் அவள் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தேன்.

எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது, எப்படிப் போவது. இடது பக்கம் பதினாறு பேர், வலது பக்கம் இருபது பேர், நான் நடுவில். அலுமினியப் பலகையில் இடுப்போடு இடுப்பு ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம், மடியில் கம்பளி, கையில் காப்பி, காலடியில் பைகள். என் முட்டி பாதிக்குமேல் மடங்காது, ஒருத்தர் காலைத் தாண்டவே அரை நிமிஷம் ஆகும். தாண்டிப் போனாலும் பதினாலு படி, கீழே தடுப்பு, தடுப்புக்கு அந்தப்பக்கம் போலீஸ். ஒரு இந்தியக் கிழவன் மஞ்சள் கோட்டோடு உள்ளே பாய்ந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். கத்தலாம், தமிழில் கத்தினால் அவனைத் தவிர இங்கே ஒருத்தனுக்கும் புரியாது, "தொடாதடா" என்று ஒரே வார்த்தை, ஆனால் இந்த இரைச்சலில் என் குரல் டக்குக்கே கேட்காது. வியாழக்கிழமை அவன் போன் பண்ணினான். "அப்பா, லெஃப்ட் கை கொஞ்ச நேரம் மரத்துப் போவுதுப்பா. தோள்லேந்து விரல் வரைக்கும் எரியுது. அப்புறம் சரியாயிடுது. அம்மாகிட்ட சொல்லாதீங்க, ஒடனே ஸ்கேன் எடும்பாங்க." "டாக்டர்ட்ட சொன்னியா?" "சொன்னா உக்கார வச்சுருவாங்க. எனக்குன்னு இருக்கறதே இந்த ஒரு கஜம்தாம்ப்பா." நான் என்ன சொன்னேன்? பார்த்துப் போ என்று சொன்னேன். அப்பன் சொல்கிற சொல்லா அது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பொண்டாட்டியிடம் மறைத்தேன், மூன்று நாள் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். இப்போது கீழே அவன் ஓரமாக நிற்கிறான், இடது கையை உதறுகிறான், உதறுவது வெளியே தெரியாத மாதிரி உதறுகிறான். நாற்பத்துநாலு மறுபடி அதே தோளுக்குத்தான் வருவான், இவன் தொட்டால் வருவான். தொடக்கூடாது. தொடாமல் போனால்? தொடாமல் போனால் ஏதாவது ஆகிவிட்டால்? என் மனசு எங்கே போகிறது பார், எதிரி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் தொடாதே என்று முழு மனசோடு நினைக்க முடியவில்லை. தொட்டால் அவன் அடிப்பான், தொடாவிட்டால் மண் அடிக்கும். பிளாஸ்டிக்கடா அது. பிளாஸ்டிக்காக இருந்தால் என்ன, தொடாமல் போன அன்றைக்கு எனக்கு நடந்ததே. நடந்ததா? அன்றைக்கு வெயில், கோடு சுண்ணாம்பில் போட்டிருந்தார்கள், சுண்ணாம்பு என் விரலில் ஒட்டியது. விரலில் எப்படி ஒட்டும், குனிந்து தொட்டால்தானே ஒட்டும். கண்ணில் ஒற்றியபோது கரித்தது. கண் கரித்துக்கொண்டே பாடிப் போனேன். தொட்டுவிட்டுத்தான் போனேன். முட்டி போனது, தொட்டும் போனது. அது எனக்குத் தாங்கவில்லை, தொட்டும் போனது என்றால் அதற்கு என்ன அர்த்தம், மண் என்னைக் கைவிட்டது என்று அர்த்தமா, அல்லது மண்ணுக்கு ஒன்றுமே தெரியாதா. அதனால் தொடவில்லை என்று ஆக்கிக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று ஆகிவிட்டால் படுக்க முடிந்தது. எட்டு வயசுப் பிள்ளையிடமும் அதையே சொன்னேன். பொய் சொன்னேன்.

சட்டைப்பையில் போன் நடுங்குகிறது, தமயந்தி. ஆஸ்பத்திரியில் ஊழியர் அறை டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இன்று அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொள்கிறேன். "என்னாங்க, எடது கைய ஒதறுறான், பாத்தீங்களா? டிவில கிட்டக்கக் காட்டுறான்." மறைக்கத் தெம்பில்லை. "வியாழக்கெழமையே சொன்னான். மரத்துப் போவுதாம். ஒங்கிட்ட சொல்ல வேணாம்னான்." அவள் பின்னால் யாரோ மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. "திங்கக்கெழம நானே கூட்டிக்கிட்டுப் போறேன். அவன் வரலன்னாலும் இழுத்துக்கிட்டுப் போறேன். ஒங்களுக்கு அப்புறம் வச்சுக்குறேன்" என்றாள். "அது மட்டும் இல்ல தமயந்தி. அவன் தொடறான் பாரு, அத வச்சுக் கண்டுபிடிச்சுட்டானுவ. தொட்டா இவனே ஓடுவான்னு தெரிஞ்சுபோச்சு. மறுபடியும் தொடுவான். நான்தான் தொடாட்டி முட்டி போயிரும்னு சொல்லி வளத்தேன்." "அது பொய்யின்னு அவனுக்குத் தெரியுங்க." எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "என்னாது?" "தெரியுங்கறேன். ஒம்பதாவது படிக்கறப்ப ஒரு நாளு தொடாம ஓடிப்புட்டேன்னு சாப்புடாம உக்காந்திருந்தான், முட்டியப் புடிச்சுக்கிட்டு. பாக்கப் பொறுக்கல. ஒங்கப்பா அன்னிக்குத் தொட்டுட்டுத்தான்டா போனாரு, நான் மொத வரிசைல நின்னு பாத்தேன்னு சொல்லிப்புட்டேன்." இவள் என் மாமன் மகள், அப்போது தஞ்சாவூரில் நர்சுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு அங்கேதான் நின்றாள், எனக்கு எப்படி மறந்தது. முப்பது வருஷம் என் பொய்யைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். "அப்ப ஏன் இன்னும் தொடறான்?" "ஒங்களுக்காகத்தான். நீங்க அங்க உக்காந்து பாக்குறீங்கல்ல. தொடலன்னா அப்பா ஒக்காந்த எடத்துலயே செத்துருவாரும்மான்னான்." பேச்சு அறுந்தது, இவ்வளவு கூட்டத்தில் லைன் நிற்காது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை தொட்டானோ, அத்தனை தடவையும் அவன் மண்ணைத் தொடவில்லை, என்னைத்தான் சமாதானம் பண்ணியிருக்கிறான், நான் தலையை ஆட்டியிருக்கிறேன், அந்தத் தலையாட்டலுக்குத்தான் அவன் தோளில் அடி விழுந்திருக்கிறது.

நடுவர் வெளியே வருகிறார். மைக்கை அழுத்துகிறார். பந்து தாண்டவில்லை. கூட்டம் ஒரே குரலில் ஊளையிடுகிறது. நாலாவது முயற்சி, கோல் கோட்டுக்கு ஒரு கஜத்துக்கும் கீழே. ஈத்தன் ஓரத்தில் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், முடிகூடக் கலையவில்லை. முகிலன் உள்ளே வருகிறான். கா தாயன். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், டக் என் முழங்கையைப் பிடித்துத் தூக்குகிறார், முட்டி விறைத்துப்போயிருக்கிறது, தூக்கி நிறுத்திவிட்டார். கீழே அவன் தன் இடத்துக்கு வருகிறான். கழுத்தில்லாதவன் முன்வரிசைக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டான், கண்ணை முகிலன் கையிலேயே வைத்திருக்கிறான். இப்போது இவன் நிமிர்ந்து பார்ப்பான். நான் தலையை வேறு பக்கம் ஆட்டினால்? இந்தத் தூரத்தில் வேண்டாம் என்று ஆட்டுவதும் சரி என்று ஆட்டுவதும் ஒன்றுதான். கையைக் காட்டினால்? அறுபதாயிரம் பேர் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் முகம் இங்கே இருக்கிற வரைக்கும் அவன் குனிவான். நான் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் தொடுவான். அப்புறம் ஒன்றும் யோசிக்கவில்லை. திரும்பினேன். வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், வெள்ளிப் பட்டை ரெண்டும் அவனைப் பார்க்க. "என்ன ஆச்சு, நெஞ்சு வலியா?" என்கிறார் டக். இப்போது எனக்கு எதிரே கூட்டம், வரிசை வரிசையாக மேலே வானம் வரைக்கும் முகங்கள், ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் என் தலைக்கு மேலாக ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள். பின்வரிசையில் கன்னத்தில் சாயம் பூசிய ஒரு பெண், சாயம் மழையில் வழிந்து மோவாய்க்கு வந்துவிட்டது. அவளுக்குப் பக்கத்தில் காதில் ரேடியோ மாட்டிய கிழவர். கிழவர் வாயைத் திறந்து வைத்திருக்கிறார். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடிக்கிறது. பெற்ற பிள்ளை முட்டப் போகிறான், அவன் அப்பன் வேற்று ஆளின் பல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவன் பார்த்தானா? மஞ்சளில் முகம் இல்லை என்று கண்டானா, இல்லை, தேடாமலே குனிந்துவிட்டானா? சத்தம் நின்றது. அந்தப் பெண்ணின் கண் சுருங்குகிறது. தோல் பட்டையும் பிளாஸ்டிக்கும் மோதிக்கொள்கிற சத்தம் முதுகில் வந்து விழுகிறது. அவள் கண் இடது பக்கம் போகவில்லை, வலது பக்கம் போகவில்லை. என்னை நோக்கி நேராக வருகிறது.

டக் என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கியபோதுதான் திரும்பினேன். முகிலன் கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தான். விழவில்லை, நின்றுகொண்டிருந்தான், பந்து வலது கையில், இடது கை உடம்போடு ஒட்டி. அவனைச் சுற்றி ஓர் ஆள்கூட இல்லை. நாற்பத்துநாலு ரொம்பத் தூரத்தில், வலது ஓரத்தில், யாரையும் பிடிக்காமல் மழையில் தனியாக உட்கார்ந்திருந்தான். திரையில் போட்டார்கள். முகிலன் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்த படம், அவன் தலைக்கு மேலே பொட்டுப்போல ஒரு மஞ்சள், அதில் ரெண்டு கீற்று வெள்ளி. அவன் நிமிர்ந்து பார்க்கிறான். கை கீழே போகிறது. முட்டிவரைக்கும் போய் நிற்கிறது. அப்படியே ஒரு கணம் நின்றான், நானும் திரையைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கினேன், என்னவோ இனிமேல்தான் நடக்கப் போகிறது என்பது மாதிரி. அப்புறம் அந்தக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டான். கழுத்தில்லாதவன் அதைப் பார்த்தான், தொடவில்லை என்று பார்த்தான், முன்னால் இருந்தவர்களைத் தட்டி ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். நடுவில் வழி விட்டது. முகிலன் நடந்து வந்த மாதிரி வந்தான்.

போன் மறுபடியும் அடித்தது. பின்னால் நர்சுகள் கூச்சல் போடுவது கேட்டது. "பாத்தீங்களா?" என்றாள் தமயந்தி. "இல்ல." "பாக்கலியா?" "திரும்பி நின்னுட்டேன்." "அதான் அவன் தொடலியா" என்றாள். கீழே சக ஆட்டக்காரர்கள் அவனைத் தூக்க வந்தார்கள், இவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று விலகி நின்று, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான், பதினாலாவது வரிசையை. நான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். "வெளில வந்ததும் அவன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?" "அன்னிக்கு நான் தொட்டுட்டுத்தான் போனேன்னு." "அதான் அவனுக்குத் தெரியும்னு சொன்னேனே." "தெரியும்," என்றேன். "நான் சொன்னதில்லயே."